மின்சாரம் கேட்காத கண்ணாடிச் சில்லு

2022 அக்டோபர் 10-ஆம் தேதி காலையில் உக்ரைனின் மின்நிலையங்கள்மீதும் துணைமின்நிலையங்கள்மீதும் ரஷ்ய ஏவுகணைகள் சரமாரியாக விழத் தொடங்கின. அந்தக் குளிர்காலம் முழுக்க கீவ், கார்கிவ், ஒடெசா நகரங்களில் மின்வெட்டு அட்டவணையைப் பார்த்துத்தான் மக்கள் சமைத்தார்கள், வேலை செய்தார்கள், தூங்கினார்கள். அப்போது பலரும் ஒரு விநோதத்தைக் கவனித்தார்கள். அருகருகே இரண்டு அடுக்குமாடிகள். இரண்டிலும் மின்சாரம் இல்லை. ஒன்றில் மின்சாரத்தோடு இணையமும் போய்விட்டது. மற்றொன்றில் வீட்டு ரூட்டரை ஒரு பவர் பேங்கில் செருகினால் போதும், இணையம் மணிக்கணக்கில் ஓடியது.

காரணம் கம்பிக்குள் இருந்தது. இணையம் போன கட்டடத்தில் ஒளியிழை, கட்டடத்தின் வாசல்வரைதான் வந்திருந்தது. அங்கே பரணிலோ அடித்தளத்திலோ ஒரு சுவிட்ச் பெட்டி இருக்கும். ஒளியாக வரும் தகவலை மின்துடிப்பாக மாற்றி, தாமிரக் கம்பி வழியே ஒவ்வொரு வீட்டுக்கும் அனுப்புவது அதன் வேலை. அதற்கு மின்சாரம் வேண்டும். கட்டடம் இருண்டால் பெட்டியும் உறங்கிவிடும். சோவியத் காலத்து நெடிய குடியிருப்புகளுக்கு இப்படித்தான் மலிவாக இணையம் கொடுத்திருந்தார்கள். மற்றொரு கட்டடத்தில் ஒளியிழை வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. நடுவில் சுவிட்ச் கிடையாது. அதன் இடத்தில் விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடிச் சில்லு மட்டும் இருக்கிறது.

அந்தச் சில்லுக்குள் ஒளி செல்லும் பாதை இரண்டாகப் பிரிகிறது, ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாகிறது. இப்படி ஐந்து முறை பிரிந்தால் 32 கிளைகள், ஆறு முறை பிரிந்தால் 64. பேட்டரியோ மின்னணு உறுப்போ, அசையும் பாகமோ அதில் எதுவும் இல்லை. ஒரு இழையில் வந்த ஒளியை 32 வீடுகளுக்குப் பங்கிட்டால் ஒவ்வொரு வீட்டுக்கும் சுமார் மூன்று சதவீதம்தான் கிடைக்கும். பல கிலோமீட்டர் கண்ணாடியைக் கடந்து வருவதில் இன்னும் கொஞ்சம் கரையும். ஆனாலும் போதும். தொலைத்தொடர்பு நிலையத்திலிருந்து சில மில்லிவாட் ஒளிதான் புறப்படுகிறது. வீட்டுக் கருவிக்கு ஒரு மில்லிவாட்டில் ஐந்நூறில் ஒரு பங்கு வந்து சேர்ந்தாலே அதைப் படித்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி அது. போகும் ஒளியின் அலைநீளம் 1490 நானோமீட்டர், திரும்பும் ஒளிக்கு 1310. இரண்டும் ஒரே இழையில் எதிரெதிரே போனாலும் ஒன்றையொன்று தொந்தரவு செய்வதில்லை.

திரும்பும் வழியில்தான் சிக்கல். 32 வீடுகளும் ஒரே நேரத்தில் ஒளியை அனுப்பினால் எல்லாம் கலந்து குழம்பிப்போகும். அதனால் ரேஷன் கடை டோக்கன்போல ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நேரத்துண்டு ஒதுக்கப்படுகிறது. ஒரு வீடு இரண்டு கிலோமீட்டரில் இருக்கலாம், இன்னொன்று பதினைந்து கிலோமீட்டரில். தொலைவிலிருந்து வரும் ஒளி தாமதமாகத்தான் வரும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒளி போய்வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று நிலையக் கருவி முன்கூட்டியே அளந்து, நிலையத்துக்கு அருகிலுள்ள வீடுகளைச் சற்றுக் காத்திருந்து அனுப்பச் சொல்கிறது. இவ்வளவு கணக்கும் நடப்பது தொலைவிலுள்ள நிலையத்தில். அந்த ஒரு இடத்துக்கு ஒரு ஜெனரேட்டரோ பேட்டரி அடுக்கோ இருந்தால் ஆயிரக்கணக்கான வீடுகள் பிழைத்துக்கொள்ளும். நடுவழிக் கண்ணாடிக்கு எதுவும் தேவையில்லை.

2022-க்குப் பிறகு உக்ரைனின் இணைய நிறுவனங்கள் பழைய தாமிர இணைப்புகளை விட்டு இந்த ஏற்பாட்டுக்கு வேகமாக மாறின. அங்கே பெரிய நிறுவனங்களோடு, ஒரு பேட்டையையோ ஒரு சிறு நகரத்தையோ மட்டும் கவனித்துக்கொள்ளும் சிறிய நிறுவனங்களும் ஏராளம். போருக்கு முன்பு இதைச் சந்தையின் பலவீனம் என்று சொல்லியிருப்பார்கள். போரில் அதுவே கவசமாயிற்று. நாட்டின் இணையம் முழுவதையும் ஒரே அடியில் அணைத்துவிடக்கூடிய பெருமையம் எதுவும் இருக்கவில்லை.

இந்தக் கண்ணாடிச் சில்லு சொல்லும் பாடம் பணத்துக்கும் பொருந்தும். எந்தப் பொருள் எந்த வேகத்தில் எழும், எது அடிபட்டும் நிற்கும் என்பது தெரியாமல் போரில் சிதைந்த நாட்டுக்குப் பணம் ஒதுக்க முடியாது என்பதே என் எண்ணம். மறுசீரமைப்பு என்றதும் முதலில் பெரிய தொகைதான் பேசப்படும். உலக வங்கி, உக்ரைன் அரசு, ஐரோப்பிய ஆணையம், ஐ.நா. ஆகியவை சேர்ந்து 2025 பிப்ரவரியில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, பத்தாண்டுகளில் தேவைப்படுவது 52,400 கோடி டாலர். 2024-இல் அந்த நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியைப்போல் ஏறத்தாழ 2.8 மடங்கு. எரிசக்தித் துறைக்கு மட்டும் ஏறத்தாழ 6,800 கோடி. எண் பெரிதுதான். ஆனால் 6,800 கோடி டாலரையும் நாளைக் காலையில் மேசைமேல் வைத்தாலும் உக்ரைனின் மின்தொகுப்பு நாளை மறுநாள் எழுந்து நிற்காது. டிரான்ஸ்ஃபார்மர் அப்படிப்பட்ட பொருள்.

துணைமின்நிலையத்தில் நிற்கும் பெரிய ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மரின் எடை 200 டன்னைத் தொடும். உள்ளே சிலிக்கான் கலந்த எஃகுத் தகடுகள், தாள் கனத்தில், ஆயிரக்கணக்கில் அடுக்கப்பட்டிருக்கும். அவற்றைச் சுற்றிக் காப்புக் காகிதம் போர்த்திய தாமிரச் சுருள்கள். காகிதத்தில் ஈரம் துளியும் இருக்கக் கூடாது என்பதால் முழுச் சுருளையும் வெற்றிடத்தில் சூடாக்கி உலர்த்துகிறார்கள். பிறகு எண்ணெயில் மூழ்க வைக்கிறார்கள். கையால் செய்யும் வேலை அதிகம்; பெரும்பாலும் ஆர்டர் வந்த பிறகுதான் தயாரிப்பே தொடங்கும். ஓராண்டுக்கும் மேல் காத்திருப்பது சாதாரணம். ஏவுகணைச் சிதறல் ஒன்று தொட்டியைத் துளைத்தால் போதும், எண்ணெய் பற்றி எரிந்து அத்தனை உழைப்பும் சில மணி நேரத்தில் கருகிவிடும்.

இன்னொரு தடையும் உண்டு. உக்ரைனின் முதுகெலும்புத் தொகுப்பு சோவியத் அளவில் 750 கிலோவோல்ட், 330 கிலோவோல்ட் என்று அமைந்தது. மேற்கு ஐரோப்பாவில் 400, 220. எந்த அழுத்தத்தை எந்த அழுத்தமாக மாற்றுவது என்பது சுருளின் சுற்றுகளின் விகிதத்திலேயே முடிவாகிவிடுகிறது. அதனால் ஜெர்மனியிலோ பிரான்ஸிலோ உபரியாக நிற்கும் டிரான்ஸ்ஃபார்மரை, எவ்வளவு நல்ல மனதோடு கொடுத்தாலும், 330 கிலோவோல்ட் தடத்தில் அப்படியே பொருத்த முடியாது. இந்த இடத்தில்தான் லிதுவேனியா முக்கியமாகிறது. அதுவும் ஒருகாலத்தில் சோவியத் தொகுப்பில் இருந்த நாடு. அதன் தடங்களும் 330 கிலோவோல்ட். தன் தொகுப்பிலிருந்து கழற்றிய, ஏறத்தாழ 200 டன் எடையுள்ள ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மரை அது உக்ரைனுக்கு அனுப்பியது. பணக்கார நாடுகளின் கோடிகளால் உடனே வாங்க முடியாததை, அதே பழைய அளவில் மின்தடம் வைத்திருந்த ஒரு சிறிய நாடு கொடுத்தது.

பணம் மட்டும் போதாது, பொருந்தும் கருவி வேண்டும் என்பதைப் புரிந்துகொண்டு உருவானதுதான் வியன்னாவில் இயங்கும் எரிசக்திச் சமூகச் செயலகத்தின் உக்ரைன் எரிசக்தி ஆதரவு நிதி. 2022-இல் தொடங்கிய அந்த நிதி, கொடையாளிகளின் பணத்தை வாங்கி அப்படியே அரசுக் கருவூலத்தில் போடுவதில்லை. எந்த நிலையத்துக்கு எந்தக் கருவி வேண்டும் என்று உக்ரைனின் மின் நிறுவனங்கள் பட்டியல் தருகின்றன. எரிசக்தி அமைச்சகம் அதைச் சரிபார்க்கிறது. பிறகு கருவி வாங்கப்பட்டு அந்த இடத்துக்கே போகிறது. திரண்ட தொகை 100 கோடி யூரோவைக் கடந்தது. தேவையோடு ஒப்பிட்டால் சிறிய தொகைதான், ஆனால் கேட்ட பொருள் கேட்ட இடத்துக்குப் போனது. எனக்கு இந்த நிதியின்மேல் மதிப்பு அதிகம்.

பணத்தைவிட முன்யோசனை பெரிதாக உதவிய தருணமும் உண்டு. 2022 பிப்ரவரி 24 அதிகாலையில், படையெடுப்புக்குச் சில மணி நேரம் முன்பு, உக்ரைனும் மால்டோவாவும் ரஷ்யத் தொகுப்பிலிருந்து மின்தடங்களைத் துண்டித்துத் தனியாக இயங்கிப் பார்க்கத் தொடங்கியிருந்தன. அது முன்பே திட்டமிட்ட சோதனை. சில நாட்களில் பழையபடி இணைவதாக இருந்தது. போர் வந்ததால் திரும்பப் போகவில்லை. மார்ச் 16-ஆம் தேதி ஐரோப்பியக் கண்டத் தொகுப்போடு இணைந்துவிட்டன. இணைவது என்றால் கம்பியைக் கொண்டுபோய் முடிவது அல்ல. போர்ச்சுகலில் சுழலும் ஜெனரேட்டரும் கார்கிவில் சுழலும் ஜெனரேட்டரும் நொடிக்கு 50 சுற்று அலையில் ஒரே தாளத்தில் ஆட வேண்டும். அலையின் உச்சியும் பள்ளமும் பொருந்த வேண்டும். பொருந்தாமல் இணைத்தால் எந்திரங்களே முறுக்கி உடையும். 2023-க்குத் திட்டமிட்டிருந்த வேலை, போர் மூண்ட மூன்று வாரத்தில் முடிந்தது. பிறகு மின்நிலையங்கள் அழியும்போதெல்லாம் மேற்கிலிருந்து மின்சாரத்தை இறக்குமதி செய்ய முடிந்தது இதனால்தான்.

தகவலையும் அதேபோல் முன்யோசனைதான் காத்தது. அரசுத் தரவுகள் நாட்டுக்குள்ளிருக்கும் சர்வர்களில்தான் இருக்க வேண்டும் என்று உக்ரைனில் விதி இருந்தது. படையெடுப்புக்குச் சில நாள் முன்பு நாடாளுமன்றம் அதைத் தளர்த்தியது. போர் தொடங்கியதும் அமேசான் நிறுவனத்தின் பெட்டியளவு சேமிப்புக் கருவிகள் போலந்து வழியே உள்ளே போயின. நிலப் பதிவேடுகள், வரிக் கணக்குகள், பல்கலைக்கழக ஆவணங்கள் வெளியே வந்தன. போரின் தொடக்கத்திலேயே அரசின் தரவு மையம் ஒன்றை ஏவுகணை தாக்கியது. வீட்டுச் சொந்தக்காரர் யார் என்ற பதிவே அழிந்துபோனால், பிறகு வீடு கட்டப் பணம் வந்தாலும் யாரிடம் கொடுப்பது?

செல்பேசி நிறுவனங்கள் வேறொரு வழி கண்டன. 2022 மார்ச்சில் கீவ்ஸ்டார், வோடஃபோன் உக்ரைன், லைஃப்செல் மூன்றும் சேர்ந்து, ஒரு நிறுவனத்தின் கோபுரம் விழுந்தால் அதன் வாடிக்கையாளர் அடுத்த நிறுவனத்தின் கோபுரத்தைப் பயன்படுத்தலாம் என்று அனுமதித்தன. 2023 டிசம்பர் 12-ஆம் தேதி இணையத் தாக்குதல் கீவ்ஸ்டாரை முடக்கி, ஏறத்தாழ 2.4 கோடி வாடிக்கையாளர்களைத் துண்டித்தது. கோபுரங்கள் அப்படியே நின்றன, அழிந்தது மென்பொருள். மறுசீரமைப்பு என்றால் கல்லும் கம்பியும் மட்டும் அல்ல என்று அன்று எல்லோருக்கும் புரிந்தது.

இவ்வளவு ஆபத்துள்ள இடத்தில் தனியார் எப்படிப் பணம் போடுவார்கள்? பெரிய கடன் ஒன்று துணை நிற்க வேண்டும், அதுவும் நட்டத்தின் ஒரு பகுதியை வேறு யாராவது ஏற்றால்தான் கிடைக்கும். 2024-இல் பிரெஞ்சுத் தொழிலதிபர் சவியே நீல் தலைமையிலான குழு, லைஃப்செல்லையும் கம்பிவழி இணைய நிறுவனமான டேட்டாகுரூப்-வோலியாவையும் ஒன்றாக்கியபோது, சர்வதேச நிதிக் கழகமும் மறுகட்டமைப்பு, மேம்பாட்டுக்கான ஐரோப்பிய வங்கியும் சேர்ந்து 43.5 கோடி டாலர் கடன் கொடுத்தன. கடன் திரும்பாமல் போனால் நட்டத்தின் ஒரு பகுதியைத் தாங்க ஐரோப்பிய ஒன்றியம் போன்ற கொடையாளிகள் உத்தரவாதம் தந்தார்கள். ஒரு டாலர் உத்தரவாதம் பல டாலர் கடனை இழுத்துவரும் என்பதால் இந்த முறை நிதிக்காரர்களுக்குப் பிடிக்கும். நல்ல முறைதான். ஆனால் வருமானம் தரும் துறைக்கே இது பொருந்தும். போர்முனையிலிருந்து இருபது கிலோமீட்டரில் இருக்கும் கிராமத்துக்கு இணைப்புக் கொடுக்க எந்தக் கடனும் வராது. அங்கே மானியம்தான் வழி.

இதற்கெல்லாம் மேலே மிதக்கிறது, முடக்கப்பட்ட ரஷ்ய மத்திய வங்கிச் சொத்து. உலகெங்கும் சுமார் 30,000 கோடி டாலர். பெரும்பகுதி, பத்திரங்களைக் காத்துவைக்கும் பெல்ஜியத்தின் யூரோகிளியர் நிறுவனத்தில். பத்திரங்கள் முதிர்ந்து பணமாகின்றன, ஆனால் உரியவருக்குப் போக முடியாமல் அங்கேயே தேங்குகின்றன. தேங்கிய பணத்தை யூரோகிளியர் முதலீடு செய்ததும் வருமானம் குவிந்தது. அசலைத் தொடாமல், அந்த வருமானத்தை வைத்துத் திருப்பிச் செலுத்தும் 5,000 கோடி டாலர் கடனுக்கு 2024 ஜூனில் இத்தாலியில் கூடிய ஜி-7 நாடுகள் இசைந்தன. அழித்தவனின் பணத்திலிருந்து அழிந்தவனுக்கு என்பது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் வட்டி விகிதம் இறங்கினால் இந்த ஊற்றும் சுருங்கும்.

நம்பிய கை விலகுவதும் உண்டு. 2022 வசந்தத்தில் அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி அமைப்பான யு.எஸ்.எய்ட் 5,000 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணைய முனையங்களை உக்ரைனுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. கோபுரம் துண்டிக்கப்பட்ட இடங்களில் மருத்துவமனைகளும் மீட்புக் குழுக்களும் அவற்றின் வழியே பேசின. 2025 ஜூலையில் அந்த அமைப்பே மூடப்பட்டது. முனையம் இருக்கிறது, மாதச் சந்தா, பழுது, மாற்றுக் கருவி யார் பொறுப்பு? கொடையாளிகள் பெரும்பாலும் பொருளுக்குப் பணம் தருகிறார்கள், பொருளை ஓட்டுவதற்குத் தருவதில்லை. இது மாற வேண்டும்.

ஓட்டுவது என்றால் ஆட்கள். அறுந்த ஒளியிழையை ஒட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். இழையின் விட்டம் 125 மைக்ரான், ஒளி போகும் உள்ளகம் சுமார் 9 மைக்ரான். இரண்டு முனைகளையும் துல்லியமாக வெட்டி, நேராக நிறுத்தி, மின்பொறியில் உருக்கி இணைக்க வேண்டும். தூசி ஒன்று ஒட்டினாலும் ஒளி கசியும். சண்டை நடந்த இடங்களில் கண்ணிவெடி அகற்றுவோர் நிலத்தைச் சோதித்துத் தந்த பிறகே ஒட்டும் குழு வேலை தொடங்க முடியும். ஒட்டி முடித்த இடத்தில் மறுநாள் மறுபடி அறுபடலாம். இந்தத் திறமை உள்ளவர்களில் பலர் இப்போது சீருடையில் இருக்கிறார்கள். முக்கியத் துறை என்று அரசு பட்டியலிட்ட நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் படைச்சேர்ப்பிலிருந்து விலக்குப் பெற முடிகிறது. இந்த ஆட்களுக்கான செலவும் கணக்கில் தெரிய வேண்டும். மறுகட்டமைப்புத் திட்டங்களைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க உக்ரைன் 2023-இல் தொடங்கிய ட்ரீம் என்னும் இணையத்தளத்தில் எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு நிதி தேவை, எவ்வளவு வந்தது, ஒப்பந்தம் யாருக்கு என்று யாரும் பார்க்கலாம். இழை ஒட்டும் ஒருவரைப் பயிற்றுவிக்கும் செலவும், அவருடைய மாதச் சம்பளமும், குண்டு விழும் தெருவில் வேலை செய்வதற்கான காப்பீடும் அங்கே டிரான்ஸ்ஃபார்மரின் விலைக்குப் பக்கத்திலேயே இடம்பெற வேண்டும்.