உஷார்! தண்ணீரை முதலில் சோதித்து வையுங்கள்

"எல்லாம் பத்தாயிரம் அடிக்குக் கீழே நடக்கிறது. உங்கள் போர் முந்நூறு அடிதானே? இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?"

ஃபிராக்கிங் பற்றி யார் கவலைப்பட்டாலும் முதலில் வரும் பதில் இது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். உஷாராக வேண்டிய இடமும் இதுதான். பாறை உடைவது அடியில். ஆனால் அங்கே இறங்கும் குழாய், நீங்கள் குடிக்கும் நிலத்தடி நீரைத் துளைத்துக்கொண்டுதான் போகிறது.

ஷேல் என்னும் களிப்பாறைக்குள் சிக்கிய வாயு தானாக ஓடி வராது. அதனால் இரண்டு மூன்று கிலோமீட்டர் செங்குத்தாகத் துளைத்து, பிறகு பாறை அடுக்கோடு பக்கவாட்டில் திருப்புகிறார்கள். இரும்புக் குழாயை இறக்கி, குழாய்க்கும் மண்ணுக்கும் நடுவே சிமெண்ட் ஊற்றி அடைக்கிறார்கள். அடியில் சிறு வெடிகளால் குழாயில் ஓட்டை போட்டு, தண்ணீர், மணல், ரசாயனம் கலந்த திரவத்தை ராட்சத பம்புகளால் அழுத்துகிறார்கள். பாறை விரிகிறது. விரிசல் மறுபடி மூடிக்கொள்ளாதபடி மணல் முட்டுக்கொடுக்கிறது. இதுதான் ஃபிராக்கிங். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, ஒரு கிணற்றுக்கு ஏறத்தாழ 57 லட்சம் லிட்டர் முதல் 6 கோடி லிட்டர் வரை தண்ணீர் வேண்டும்.

இதில் எது காலை வாரும்? பெரும்பாலும் அந்தச் சிமெண்ட்தான்.

பென்சில்வேனியா மாநிலத்தில் டிமோக் என்றொரு சிற்றூர். 2009 ஜனவரி 1 அன்று அங்கே ஒரு வீட்டின் குடிநீர்க் கிணறு வெடித்தது. மேலே மூடியிருந்த கான்கிரீட் பலகை பிளந்து போனது. கிணற்றில் சேர்ந்திருந்தது மீத்தேன். சுற்றிலும் கேபட் என்ற நிறுவனம் வாயுக் கிணறுகள் தோண்டியிருந்தது. சரியாக அடைக்கப்படாத அந்தக் கிணறுகளின் வழியாகத்தான் வாயு ஏறியது என்பது மாநிலச் சுற்றுச்சூழல் துறையின் முடிவு. கிலோமீட்டர் கணக்கான பாறையைப் பிளந்துகொண்டு எதுவும் மேலே வர வேண்டியிருக்கவில்லை. குழாயின் பக்கவாட்டில் இடுக்கு இருந்தாலே போதும்.

நிறுவனம் என்ன சொன்னது தெரியுமா? "இந்த வட்டாரத் தண்ணீரில் மீத்தேன் எப்போதுமே உண்டு." அதில் முழுப் பொய்யும் இல்லை. அந்தப் பகுதியில் இயற்கையாகவே மீத்தேன் கலந்த கிணறுகள் இருந்தன. தோண்டுவதற்கு முன்னால் தம் கிணற்றில் என்ன இருந்தது என்று காட்ட ஊராரிடம் காகிதம் இருந்திருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். பேச்சு முடிய 2022 நவம்பர் வரை ஆனது. பெயர் மாறியிருந்த அந்த நிறுவனம், குற்றவழக்கில் எதிர்வாதம் செய்யாமல் ஒதுங்கி, ஊருக்குப் புதுக் குடிநீர்க் குழாய் போட 1 கோடியே 60 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்க ஒப்புக்கொண்டது. கிணறு வெடித்து ஏறத்தாழ பதினான்கு வருடம் கழித்து!

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். குழாய்த் தண்ணீரில் தீக்குச்சி வைத்ததும் குப்பென்று எரியும் காட்சியைப் பலர் பார்த்திருப்பீர்கள். 2010-இல் வந்த 'கேஸ்லேண்ட்' ஆவணப்படத்தில் வருவது. கொலராடோ மாநில அதிகாரிகள் போய்ச் சோதித்துவிட்டு, அந்தப் படத்தில் வந்த சில கிணறுகளில் இருப்பது மேல்மட்டத்தில் இயற்கையாக உண்டான வாயு, தோண்டியதால் வந்ததல்ல என்றார்கள். மொத்தப் புகாரையும் கேலி செய்ய அந்த ஒரு காட்சி நிறுவனங்களுக்கு வசதியாகிப் போனது. நம்மூரிலும் இப்படி நடக்கும். 2017-இல் கதிராமங்கலத்தில் வயலில் கசிந்தது எண்ணெய்க் குழாய். அது ஃபிராக்கிங் அல்ல. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினால் லாபம் எதிராளிக்குத்தான்.

அடுத்து, அந்தத் திரவம். "ரசாயனம் ஒரு சதவீதம்தான்" என்பார்கள். 2 கோடி லிட்டரில் ஒரு சதவீதம் என்றால் 2 லட்சம் லிட்டர். எல்லாம் விஷமல்ல. மணல் அடியில் படியாமல் மிதந்து போவதற்காகத் திரவத்தைக் கொழகொழப்பாக்குவது குவார் பிசின். அது நாம் பொரியல் செய்யும் கொத்தவரங்காயின் விதையிலிருந்து வருவது. அமெரிக்கக் கிணறுகளுக்காக ராஜஸ்தானில் அதன் விலை ஏறிய ஏற்றத்தில், 2012 மார்ச்சில் முன்பேர வர்த்தகத்தையே நிறுத்த வேண்டியதாயிற்று. கவலை அதனுடன் கலக்கும் கிருமிக்கொல்லிகள், அமிலங்கள், துருத்தடுப்பான்கள், கரைப்பான்கள் பற்றியது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1,084 ரசாயனங்களைப் பட்டியலிட்டது. நிறுவனங்கள் கொடுத்த விவரப் படிவங்களில் 70 சதவீதத்துக்கும் மேலானவற்றில், குறைந்தது ஒரு பொருளாவது 'வணிக ரகசியம்' என்று மறைக்கப்பட்டிருந்தது. என்ன ஊற்றினார்கள் என்று தெரியாமல் எந்த ஆய்வகத்தில் போய் எதைச் சோதிக்கச் சொல்வது?

அந்த ரகசியத்துக்குச் சட்டமும் துணை நின்றது. 2005-இல் வந்த எரிசக்திச் சட்டம், டீசல் கலந்தால் தவிர, ஃபிராக்கிங் திரவத்தை அமெரிக்காவின் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டத்தின் பிடியிலிருந்து விடுவித்தது. அப்போதைய துணை அதிபர் டிக் செனி, அதற்கு முன் ஹாலிபர்ட்டன் நிறுவனத்தின் தலைவர். வணிக முறையில் முதன்முதலாக 1949-இல் ஃபிராக்கிங் செய்த நிறுவனம் அது. இந்த விலக்குக்கு 'ஹாலிபர்ட்டன் ஓட்டை' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

கிணற்றிலிருந்து திரும்பி வரும் கழிவுநீர் தனிக்கதை. உப்பு, பேரியம், சில இடங்களில் ரேடியம். ஆழத்தில் அதை மறுபடி செலுத்தி ஒழிக்கப்போய் ஓக்லஹோமாவில் நிலம் ஆடியது. 2016-இல் பானீ என்ற இடத்தில் 5.8 அளவு நிலநடுக்கம். இங்கிலாந்தின் லங்காஷயரில் 2019 ஆகஸ்டில் ஃபிராக்கிங்கே 2.9 அளவுக்கு ஆட்டியது. நவம்பரில் அரசு நிறுத்தி வைத்தது. பிரான்ஸ் இவ்வளவு தூரம் காத்திருக்கவில்லை, 2011-லேயே தடை போட்டுவிட்டது.

சரி, இங்கே?

மன்னார்குடி நிலக்கரிப் படுகை மீத்தேன் திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தபோதுதான், 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் காலமானார். 2015-இல் தமிழக அரசு அந்தத் திட்டத்துக்குக் கதவடைத்தது. 2020 பிப்ரவரியில் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், ஷேல் வாயு, மீத்தேன் எல்லாவற்றையும் பெயர் சொல்லியே தடுக்கிறது. இதோடு தீர்ந்தது என்று படுத்துவிடாதீர்கள். முன்பே நடந்துவரும் பணிகளை அந்தச் சட்டம் தொடவில்லை. ராமநாதபுரம் மாவட்டம் மண்டலத்துக்கு வெளியே இருக்கிறது. 2025-இல் அங்கே எண்ணெய், வாயு தேடும் 20 சோதனைக் கிணறுகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்த செய்தி வெளியாகி எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான், விட மாட்டோம் என்று மாநில அரசு சொன்னது.

சோதனைக் கிணறு வேறு, ஃபிராக்கிங் வேறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மத்திய விதிகளைச் சேர்த்துப் படியுங்கள். 2016 கொள்கைப்படி எண்ணெய், இயற்கை வாயு, ஷேல் வாயு, மீத்தேன் அனைத்துக்கும் ஒரே உரிமம். 2018-இல் பழைய ஒப்பந்தப் பகுதிகளிலும் ஷேல் போன்றவற்றைத் தேட வழி திறந்தது. 2020 ஜனவரித் திருத்தம், தேடும் கட்டத்துக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமே வேண்டாம் என்றது. ஆக, கொட்டகை போட்டு, மைக் வைத்து, "இங்கே ஃபிராக்கிங் செய்யப் போகிறோம்" என்று யாரும் வந்து அறிவிக்கப் போவதில்லை. அளவெடுக்கும் லாரி வயல் வரப்பில் நிற்கும்போதுதான் தெரியவரும்.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பென்சில்வேனியாவில் 2012-இல் திருத்திய சட்டப்படி, ஷேல் வாயுக் கிணற்றிலிருந்து 2,500 அடிக்குள், அங்கே வேலை முடிந்து ஒரு வருடத்துக்குள் குடிநீர் கெட்டால் பழி நிறுவனத்தின்மேல். இல்லையென்று நிரூபிக்க வேண்டியதும் அவர்களே. அதனால் தோண்டும் முன் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மாதிரி எடுக்க நிறுவனங்களே முந்துகின்றன. இங்கே நாம்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் செலுத்தினால் உப்பு, குளோரைடு, கடினத்தன்மை போன்ற வழக்கமான சோதனைகள் செய்து தருவார்கள். அது போதாது. பேரியம், ஸ்ட்ரான்ஷியம், கரைந்த மீத்தேன் மூன்றையும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் தனியாகக் கேட்டு வாங்குங்கள். மீத்தேனுக்கு நிறமோ மணமோ சுவையோ இல்லை, முகர்ந்து பார்த்துத் தெரியாது. மாதிரி எடுப்பதும் காலிப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகிற சமாச்சாரமல்ல. காற்றுக்குமிழி இல்லாமல் மூட வேண்டும் என்பதால் ஆய்வக ஆளே வந்து எடுப்பது நல்லது. தனியாளுக்குச் செலவு கடிக்கும். ஊராட்சி சேர்ந்து நாலு திசையில் நாலு கிணற்றைத் தேர்ந்தெடுத்தால் தாங்கலாம். கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை. அறிக்கையில் தேதியும் சர்வே எண்ணும் இருக்கட்டும். ஒரு நகல் கிராமசபைத் தீர்மானத்தோடு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகட்டும். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.