மின்சாரம் ஓடாத ஏழாவது கம்பி

பெங்களூரின் வடமேற்கில், தும்கூர் சாலையை ஒட்டி விரிந்து கிடக்கிறது பீன்யா தொழிற்பேட்டை. லேத் பட்டறை, மோட்டார் தொழிற்சாலை, சுவிட்ச் பேனல் செய்யும் கூடம் என ஆயிரக்கணக்கான தொழிற்கூடங்கள். இத்தகைய பேட்டைகளுக்கு மின்சாரம் கொண்டுவரும் 220 கிலோவோல்ட் இரட்டைத் தடக் கோபுரம் ஒன்றில் கம்பிகளை எண்ணிப் பாருங்கள். பக்கத்துக்கு மூன்றாக ஆறு கம்பிகள், மின்காப்புத் தட்டுகளின் நீண்ட சரங்களில் தொங்கும். அவற்றுக்கும் மேலே, உச்சியில், ஏழாவதாக ஒன்று மட்டும் எந்தத் தட்டும் இல்லாமல் நேரே இரும்புக் கோபுரத்தோடு பிணைந்திருக்கும். தொழிற்சாலைக்கான மின்சாரம் அதில் ஓடுவதில்லை. ஆனால், மின்கட்டமைப்பு தனக்குள் பேசிக்கொள்ளும் பேச்சில் பெரும்பகுதி இப்போது அப்படிப்பட்ட கம்பிகளுக்குள்தான் ஓடுகிறது.

மின்கட்டமைப்பு ஏன் பேச வேண்டும்? மின்சாரத்தைக் கம்பியில் தேக்கி வைக்க முடியாது என்பதால்தான். பீன்யாவில் ஒரு மோட்டார் சுழலத் தொடங்கினால், அந்தச் சுமை அதே கணத்தில் எங்கோ ஓடும் ஜெனரேட்டர்களின் மீது ஏறிவிடும். உற்பத்தியும் பயன்பாடும் சமமாக இருந்தால் மின்னோட்டம் நொடிக்கு 50 சுற்று அலையும். பயன்பாடு மிஞ்சினால் அலைவெண் எனப்படும் இந்த எண் இறங்கும், உற்பத்தி மிஞ்சினால் ஏறும். இந்தியாவில் இதற்கு விட்டிருக்கும் இடைவெளி 49.90 முதல் 50.05 வரைதான். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, புதுச்சேரி எல்லாவற்றுக்குமாக இதைக் கண்காணிக்கும் தென்மண்டல மின்சுமைப் பகிர்வு மையம் பெங்களூரில்தான் இருக்கிறது.

2012 ஜூலை 30, 31 தேதிகளில் நாட்டின் வடக்கும் கிழக்கும் வடகிழக்கும் இருண்டன. ஏறத்தாழ 60 கோடி மக்கள் வாழும் பகுதிகள் அவை. தெற்கு தப்பியது. அப்போது தென்மண்டலம் மற்ற மண்டலங்களோடு ஒரே தாளத்தில் ஓடவில்லை, நேர்மின்னோட்ட இணைப்புகள் வழியாக மட்டும் கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடம் இணைந்ததும் நாடு முழுவதும் ஒரே தாளமானது. இப்போது பஞ்சாபில் ஏற்படும் குலுக்கல் பீன்யாவின் அலைவெண் மானியிலும் தெரியும். இவ்வளவு பெரிய கூட்டுக் குடும்பத்தில் செய்தி தாமதமானால் ஆபத்து.

பழைய பொறியாளர்கள் இதற்கு ஒரு தந்திரம் செய்தார்கள். மின்சாரம் ஓடும் கம்பியிலேயே பேச்சையும் ஏற்றினார்கள். மின்சாரம் நொடிக்கு 50 சுற்று, பேச்சைச் சுமக்கும் அலையோ நொடிக்குப் பல்லாயிரம் முதல் சில லட்சம் வரை. அதனால் இரண்டும் கலப்பதில்லை. துணைமின்நிலைய வாசலில் உருளை வடிவில் தொங்கும் பெரிய கம்பிச்சுருளைப் பார்த்திருப்பீர்கள். ‘வேவ் டிராப்’ என்பார்கள். மின்சாரத்தை உள்ளே விட்டுவிட்டு, பேச்சலையை மட்டும் மறித்துப் பக்கத்துக் கருவிக்குத் திருப்பிவிடுவது அதன் வேலை. குறை ஒன்றுதான். இடி விழுந்தாலோ சுவிட்ச் திறந்தாலோ அந்தப் பேச்சில் இரைச்சல் புகும். செய்தி அவசரமாகத் தேவைப்படும் நொடியில்தான் காது அடைத்துப்போகும்.

கண்ணாடிக்கு இந்தக் கவலை இல்லை. ஒளியிழை என்பது மிகத் தூய சிலிக்காக் கண்ணாடியை உருக்கி இழுத்த நூல். பக்கத்தில் இரண்டு லட்சம் வோல்ட் இருந்தாலும் அதற்குள் ஓடும் ஒளி சலனப்படாது. நூலின் தடிமன் 125 மைக்ரான், தலைமுடியைவிடச் சற்றே அதிகம். ஒளி ஓடும் நடுப்பகுதி அதில் 9 மைக்ரான் மட்டுமே. சுற்றியுள்ள கண்ணாடி சற்று வேறு கலவை, வெளியேறப் பார்க்கும் ஒளியை உள்ளேயே திருப்பிவிடும். ஒரு கிலோமீட்டர் கடந்த பின் நூற்றில் ஒரு பங்கு ஒளி மிஞ்சினாலே போதும், மாசு நீக்கிய கண்ணாடியில் அது சாத்தியம் என்று 1966இல் கணக்கிட்டுச் சொன்னார் சார்லஸ் காவோ. 2009இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. இன்றைய இழையில் அதே நூற்றில் ஒரு பங்கு மிஞ்சுவது 100 கிலோமீட்டருக்கு அப்பால்! பீன்யாவில் விட்ட ஒளி தும்கூர் சாலையிலுள்ள நெலமங்கலாவை எட்டும்போது ஏறக்குறையப் பாதி மிச்சமிருக்கும்.

இந்த நூலை எங்கே கட்டுவது? உச்சியிலிருக்கும் ஏழாவது கம்பி, இடியைத் தான் வாங்கி மண்ணுக்கு இறக்கிவிடும் எர்த் கம்பி. அதன் வயிற்றுக்குள் இழைகளை வைக்கும் யோசனைக்கு 1977இல் பிரிட்டனின் பி.ஐ.சி.சி. நிறுவனம் காப்புரிமை பெற்றது. ஒளியிழைத் தரைக்கம்பி எனலாம், களத்தில் ‘ஓ.பி.ஜி.டபிள்யூ.’ என்கிறார்கள். உள்ளே துருப்பிடிக்காத எஃகுக் குழாய், அதற்குள் களிம்பில் மிதக்கும் 24 அல்லது 48 இழைகள், வெளியே அலுமினியம் போர்த்திய எஃகுக் கம்பிகளின் முறுக்கு. வெயிலில் கம்பி நீளும், காற்றில் ஆடும், கண்ணாடியோ இழுவையைத் தாங்காது. அதனால் குழாயைவிட இழையை ஆயிரத்துக்குச் சில பங்கு கூடுதல் நீளத்தில் நெளியவிட்டு வைக்கிறார்கள். கம்பி நீண்டால் நெளிவு நிமிரும், அவ்வளவுதான்.

ஓர் உருளையில் வரும் கம்பி சில கிலோமீட்டர்தான். அது முடியும் கோபுரத்தில் கம்பியைக் கால் வழியே இறக்கி, பெட்டி ஒன்றுக்குள் இழைக்கு இழை ஒட்ட வேண்டும். ஒட்டும் கருவி இரு முனைகளையும் கேமராவில் பார்த்து, ஒரு மைக்ரானுக்கும் குறைந்த பிசகில் நேர்படுத்தி, உருக்கிச் சேர்க்கிறது. எதைக் கொண்டு உருக்குகிறது தெரியுமா? மின்பொறியைக் கொண்டு. மின்சாரத்துக்கு மசியாத இழைக்கு அந்த மின்சாரமே கொல்லன். மின்துறைக்குப் போக மிஞ்சும் இழைகளை வாடகைக்கு விடவும் செய்கிறது பவர்கிரிட் என்ற மின்கடத்தல் நிறுவனம். ஊர்களின் இணையத்தில் ஒரு பகுதி இப்படிக் கோபுரம் கோபுரமாகத் தாவி வருகிறது.

இழை தன் திறமையைக் காட்டுவது பழுது நேரும்போது. மின்தடத்தின் இரு முனைகளிலும் ரிலே என்னும் காவல் கருவிகள் உண்டு. இங்கே நுழைந்த மின்னோட்டம் அங்கே வெளியேறியதா என்று இரண்டும் இழை வழியே ஓயாமல் ஒப்பிடும். கணக்கு உதைத்தால் நடுவில் எங்கோ கசிவு. உடனே தடத்தைத் துண்டிக்கும் இரு முனை பிரேக்கர்களும் திறக்கும். இந்திய விதிப்படி இதற்கு 400 கிலோவோல்ட் தடத்தில் 0.1 நொடி, 220இல் 0.16 நொடி. கண் இமைத்துத் திறப்பதற்குள் வேலை முடிந்தாக வேண்டும். செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பினால் 36,000 கிலோமீட்டர் ஏறி இறங்கவே கால் நொடி போய்விடும். இழையில் 100 கிலோமீட்டரைக் கடக்க ஒரு நொடியை இரண்டாயிரமாக வகுத்தால் வரும் ஒரு பங்கு போதும்.

பி.எம்.யூ. என்ற இன்னொரு கருவி, மின்சார அலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை அளந்து, ஜி.பி.எஸ். நேரத்தை முத்திரையிட்டு, நொடிக்கு 25 முறை இதே இழைகளில் அனுப்புகிறது. தென்கோடியின் அலையையும் வடகோடியின் அலையையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். சில நொடிகளுக்கு ஒரு முறை அளந்த காலத்தில் தப்பியோடிய ஊசலாட்டங்கள் இப்போது திரையில் சிக்கிவிடுகின்றன.

தெருவில் வேறொரு சாமர்த்தியம். நடைபாதை ஓரத்து இரும்புப் பெட்டி ‘ஆர்.எம்.யூ.’, அதாவது வளையச் சுற்று சுவிட்ச் பெட்டி. இரு பக்கமிருந்தும் மின்சாரம் வர வழி இருப்பதால், ஒரு பக்கக் கேபிள் பழுதானால் மறுபக்கம் கைகொடுக்கும். சுவிட்சின் பொறியை அணைக்கப் பல பெட்டிகளில் காற்றைவிட இரண்டரை மடங்கு காப்புத்திறன் உள்ள எஸ்.எஃப்.6 வாயுவை அடைத்திருப்பார்கள், அதனால்தான் பெட்டி இவ்வளவு சிறியது. இத்தகைய கருவிகளை வேண்டுமென்றே குறுக்குச்சுற்றுக்கு ஆளாக்கிச் சோதிக்கும் மத்திய மின் ஆராய்ச்சி நிறுவனம், 1960இல் தொடங்கியது, இதே நகரின் சதாசிவநகரில் இருக்கிறது. தெருப் பெட்டிக்கும் செய்தி வழி கிடைத்துவிட்டால், சுவிட்சைத் திருப்ப ஆள் ஓட வேண்டியதில்லை.

எல்லாம் சரி, மின்சாரமே அடியோடு போய்விட்டால்? ஒளியை அனுப்பும் லேசருக்கும் மின்சாரம் வேண்டுமே! அதற்காகவே துணைமின்நிலையத்தின் தொலைத்தொடர்பு அறையில் 48 வோல்ட் பேட்டரி வரிசை தயாராக நிற்கிறது. இருண்ட கட்டமைப்பில் முதலில் எழுவது பெரும்பாலும் நீர்மின் நிலையம், அதைக் கிளப்பச் சிறு டீசல் ஜெனரேட்டர் போதும். அங்கிருந்து ஒரு தடத்துக்கு, பிறகு ஒரு துணைமின்நிலையத்துக்கு, அதிலிருந்து கொஞ்சம் சுமைக்கு. அளவு தவறினால் எழுந்தது மறுபடி விழும். எனவே சுமைப் பகிர்வு மையம் சொல்ல, நிலையம் செய்ய, செய்ததைத் திரும்பச் சொல்ல, அடுத்த அடி. செய்தி முன்னே போகிறது, மின்சாரம் அதன் பின்னே வருகிறது.