சந்தை போய் வந்தால்... முதலில் சோப்பு, பிறகுதான் தொழுவம்!

பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் ஒரு மாட்டைப் பிடிப்பதற்குள் பத்து மாடுகளின் வாயைப் பிளந்து பல் பார்க்கிறோம். துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுகிறோம். அதே கையால் டீக்கடை வடை, பஸ் கம்பி, வீட்டுக்கு வந்ததும் கன்றுக்குட்டிக்கு ஒரு தடவல்!

கோமாரி நோய் மனிதர்களை அநேகமாகத் தொடுவதில்லை. ஆனால், நோயுற்ற மாட்டின் எச்சில் நம் கை, செருப்பு, வேட்டியில் ஒட்டிக்கொண்டு தொழுவம்வரை வந்துவிடும். பெரிய மாடு பெரும்பாலும் தேறிவிடும். இளங்கன்றுக்கு இதயம் பாதித்து, நேற்று துள்ளியது இன்று செத்துக் கிடக்கும். சாணம் பட்ட கையோடு சாப்பிட்டால் நமக்கு வயிற்றுப்போக்கு.

'சட்டைப்பையில் சானிடைசர் இருக்கிறதே' என்கிறார்கள் இளைஞர்கள். அழுக்கும் பிசுக்கும் படிந்த கையில் அது சரியாக வேலை செய்யாது. சோப்பும் தண்ணீரும்தான் சரி. நகக்கண், விரலிடுக்கு, கட்டைவிரல் என 20 விநாடிகள் தேய்க்க வேண்டும். சந்தைக் குழாயடியில் சோப்பைத் தேடாதீர்கள். துண்டுச் சோப்பு ஒன்றைப் பையிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டு வாசலில் செருப்புச் சாணத்தைச் சுரண்டிவிட்டு, லிட்டர் தண்ணீருக்கு 40 கிராம் சலவைச் சோடாத்தூள் (சமையல் சோடா அல்ல) கரைத்துக் கழுவுங்கள். வேட்டியை மாற்றிய பிறகு தொழுவத்துக்குப் போகலாம். வாங்கி வந்த மாட்டை 3 வாரங்கள் தனியாகக் கட்டுங்கள்; அதற்குத் தீனி வைப்பது கடைசியாக இருக்கட்டும்.