பாழ்மனையும் கறுப்பு வெள்ளைப் படமும்

ராஜஸ்தானத்தில் ஜெய்சல்மேருக்குச் சுமார் 18 கிலோமீட்டர் தொலைவில் குல்தரா என்னும் பாழூர் உள்ளது. பாலிவால் அந்தணர் வாழ்ந்த இவ்வூர் 19ஆம் நூற்றாண்டில் வெறிச்சோடியது. திவான் சாலிம் சிங்கின் கொடுமைக்கு அஞ்சி ஒரே இரவில் அனைவரும் வெளியேறினர் என்பது கர்ணபரம்பரைக் கதை. நீர் வற்றியதே காரணம் என்பாரும், நிலநடுக்கம் என்பாரும் உளர்.

அங்கே காமிராவுடன் செல்லும் நேயர்கள் வண்ணத்தை மறப்பது நலம். கறுப்பு வெள்ளையில்தான் சுவரின் கட்டுமானம் துலங்கும். ஆயினும் ஒரு சங்கடம்: கல்லின் மஞ்சளும் வானின் நீலமும் படச்சுருளில் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறமாகப் பதியக்கூடும். லென்ஸின் முன் சிவப்புப் பில்டரைப் பொருத்தினால் அது நீல ஒளியைத் தடுக்கும். வானம் கறுத்து, கல் வெளுத்துத் தனித்து நிற்கும். ஆனால் ஏறக்குறைய எட்டு மடங்கு ஒளி வேண்டும். ஆதலின் முக்காலி தேவைப்படலாம். மஞ்சள் பில்டருக்கு இரு மடங்கே போதும். உச்சிவெயில் உதவாது, காலை மாலைகளில் சாய்ந்து விழும் வெயிலே கல்லின் சொரசொரப்பைக் காட்டும்.

அழகுக்காக ஒரு கல்லையும் நகர்த்தாதீர்கள். சுவர் எத்திசையில் சாய்ந்தது என்பது ஆராய்வோருக்குச் சான்று. சில கட்டடங்கள் பிற்காலத்தில் செப்பனிடப்பட்டவை. அவற்றைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

விடுமுறையில் ஊர் செல்லும்போது, பூட்டிக் கிடக்கும் பூர்விக வீட்டையும், ஓடு சரிவதற்குள், இவ்வாறே படமெடுக்கலாம். திண்ணையோடு நின்றுவிடாமல் அடுக்களையையும் கிணற்றடியையும் எடுங்கள். படத்தின் பின்புறம் நாளையும் திசையையும் பென்சிலால் எழுதி வையுங்கள்.