பத்து எண்ணும் வரை

"நரி எங்க போச்சு?" என்று கேட்ட டீச்சர், அடுத்த மூச்சிலேயே "திராட்சைத் தோட்டத்துக்குப் போச்சு, இல்லையா?" என்று பதிலையும் சொல்லிவிட்டார். பாயில் உட்கார்ந்திருந்த பதினேழு பிள்ளைகளும் "ஆமா டீச்சர்!" என்று கத்தினார்கள். கதை முடிந்தது. சத்துணவுக்குத் தட்டு எடுக்கப் போய்விட்டார்கள்.

மணப்பாறைப் பக்கம் ஒரு அங்கன்வாடியில் நான் பார்த்தது இது. பதினாறு ஆண்டு பணியாளராக இருந்து, பிறகு மேற்பார்வையாளர் ஆனவள் நான். என் பொறுப்பில் இருபத்தைந்து மையங்கள். அதுவரை மையத்துக்குப் போனால் வருகைப் பதிவேடு, இருப்புப் பதிவேடு, எடை அட்டை பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவேன். அன்று பஸ் வர நேரமானதால் ஒரு கதை முழுவதையும் உட்கார்ந்து கேட்டேன். கேட்டபோது மனசு உறுத்தியது. நானும் பதினாறு ஆண்டும் இப்படித்தான் கதை சொல்லியிருந்தேன். யாரும் உட்கார்ந்து பார்த்து என்னிடம் சொன்னதில்லை.

பயிற்சியே தரவில்லை என்று சொல்ல முடியாது. நான் மேற்பார்வையாளராக இருந்தபோது, புதிதாகச் சேர்பவர்களுக்கு 26 வேலை நாள் பயிற்சி உண்டு. பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஐந்து நாள் புத்தாக்கப் பயிற்சி. எடை போடுவது, வளர்ச்சி வரைபடம் குறிப்பது, வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் கலக்குவது எல்லாம் அங்கே கைப்பழக்கமாக வந்துவிடும், ஏனென்றால் அவற்றைச் செய்து காட்டுவார்கள். முன்பருவக் கல்வியைப் பற்றி மட்டும் மண்டபத்தில் மைக் வைத்துப் பேசினார்கள். விளையாட்டு வழியாகச் சொல்லிக்கொடுங்கள் என்றார்கள். நாங்கள் நோட்டில் எழுதிக்கொண்டோம். அந்த விளையாட்டை யாரும் ஆடிக் காட்டவில்லை.

என் மையங்களின் பணியாளர்கள் கூடும் அடுத்த செக்டார் மீட்டிங்கில் நரிக் கதையை ஊர்ப் பெயர் சொல்லாமல் எடுத்தேன். "நம்ம எல்லாருமே இப்படித்தானே கேக்குறோம்?" என்றதும் கூட்டம் அமைதியானது. ஓய்வு பெற ஓராண்டே இருந்த ஒரு பணியாளர் எழுந்தார். "கேள்வி கேட்டா மனசுக்குள்ள பத்து எண்ணுவேன் மேடம். அதுக்குள்ள ஒரு பிள்ளையாவது வாயைத் தொறந்துரும்" என்றார்.

எவ்வளவு எளிய வித்தை! மூன்று வயதுக் குழந்தை கேள்வியைக் காதில் வாங்கி, புரிந்து, சொல்லைத் தேடி, கோத்துச் சொல்ல நேரம் வேண்டும். அந்த நேரத்தைத்தான் நாம் அவசரத்தில் பறித்துவிடுகிறோம். அந்த மாதம் எல்லோரும் செய்து பார்ப்பதென்று முடிவானது. அதே மையத்துக்குத் திரும்பப் போனேன். "நரிக்கு ஏன் கோவம் வந்துச்சு?" என்று கேட்டுவிட்டு டீச்சர் வாயை மூடிக்கொண்டார். நானும் எண்ணினேன். ஏழு வரும்போது, எப்போதும் ஆயாவின் சேலைக்குப் பின்னால் ஒளியும் ஒரு பெண்குழந்தை, "அதுக்கு எட்டவே இல்ல" என்றது. டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது.

1939-இல் மரியா மாண்டிசோரி சென்னை அடையாற்றுக்கு வந்து பயிற்சி வகுப்பு நடத்தியபோது, சுமார் 300 பேர் படிக்க வந்தார்கள் என்று வாசித்திருக்கிறேன். அவர் வழிப் பயிற்சியில், பிள்ளைகள் வேலை செய்வதைக் குறுக்கிடாமல் உட்கார்ந்து கவனிப்பதும் ஒரு பாடம். எனக்கு அது பஸ் தாமதத்தால் கிடைத்தது.

அதன்பின் மாதக் கூட்டத்தில் அறிக்கைகளை வாங்கி முடித்ததும் அரை மணி நேரம் இதற்கென்று ஒதுக்கினோம். தமிழ்நாட்டு மையங்களுக்கு 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்ற பாடத்திட்டம் இருக்கிறது. அதில் அடுத்து வரும் செயல்பாட்டை ஒருவர் டீச்சராகவும் மற்றவர்கள் பிள்ளைகளாகவும் இருந்து ஆடிப் பார்ப்போம். புளியங்கொட்டையை வைத்து எண்ணச் சொல்லும்போது, இரண்டு வயதுப் பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் வாயில் போட்டுக்கொள்ளும், அவர்களுக்குத் தேங்காய்ச் சிரட்டை கொடுங்கள் என்று ஒருவர் திருத்துவார். "நர்சரிப் பள்ளிக்கூடத்துல ஏபிசிடி எழுதுறாங்களே" என்று கேட்கும் அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது என்பதும் பேச்சாகும். களிமண் பிசைந்து, மணி கோத்து விரல் வலுவான பிறகே பென்சில் பிடிக்க வரும் என்று, அவரையே உட்கார வைத்துக் காட்டிய பணியாளர் உண்டு.

1975 அக்டோபர் 2-இல் நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் தொடங்கியது இந்த அங்கன்வாடித் திட்டம். இன்று தமிழகத்தில் மட்டும் 54,000-க்கும் மேற்பட்ட மையங்கள். 2020 தேசியக் கல்விக் கொள்கை, பிளஸ் டூ படித்த பணியாளருக்கு ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பும் அதற்குக் குறைவாகப் படித்தவருக்கு ஓராண்டுப் பட்டயமும் வேண்டும் என்கிறது. 2023-இல் ஒன்றிய அரசு 'போஷன் பீ, படாய் பீ' என்று, ஊட்டத்தோடு கல்வியும் என்ற பொருளில், பணியாளர் பயிற்சியைத் தொடங்கியது. வரவேற்கிறேன். ஆனால் சான்றிதழோடு திரும்பி வருகிறவர் அதே ஒற்றை ஆளாகத்தான் எடை போட வேண்டும், செல்போனில் பதிவேற்ற வேண்டும், வீடு வீடாகப் போக வேண்டும். கற்றதைச் செய்ய நேரம் எங்கே? கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளாதார ஆய்வாளர்கள் தமிழகத்தின் 320 மையங்களில் ஆய்வு செய்தார்கள். பாதி மையங்களில் கூடுதலாக ஒரு அரைநேரப் பணியாளரைச் சேர்த்தபோது கற்பிக்கும் நேரம் இரு மடங்கானது. ஒன்றரை ஆண்டில் பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் முன்னேறினார்கள். பயிற்சி கேட்கும் ஒவ்வொருவரும் இந்த இன்னொரு ஆளையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

நான் ஓய்வு பெறும் முன், வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமே ஆன ஒரு பெண்ணின் மையத்துக்குப் போனேன். பதிவேடுகளை அடுக்கி வைத்திருந்தார். கையெழுத்துப் போட்டு எழுந்தேன். வாசல் வரை வந்தவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "மேடம், அடுத்த தடவை எடை போடுற நாள்ல வராதீங்க. கதை சொல்ற நேரத்துக்கு வாங்க. நான் சரியாச் செய்யறேனான்னு பாக்கணும்."

செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்தேன்.