அவசரக் கதவும் பிரதான வாசலும்
மருந்தும் நாமும் – 9

வெள்ளவத்தையில் 100 ஆம் இலக்க பஸ் ஏறி, காலி வீதி வழியே தெகிவளையும் கல்கிசையும் தாண்டினால் இரத்மலானை. அங்கே கந்தவலைத் தோட்டத்தில் நிற்கிறது அரச மருந்து உற்பத்திக் கூட்டுத்தாபனம். ஜப்பானின் உதவியோடு 1987 இல் தொடங்கிய தொழிற்சாலை. காய்ச்சலென்று அரச ஆஸ்பத்திரிக்குப் போனவர்களுக்கு இந்தக் கூட்டுத்தாபனத்தின் பரசிட்டமோல் குளிசை பழகிய பொருள். ஆனாலும் நாடு விழுங்கும் மருந்துகளில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் கடல் கடந்துதான் வருகிறது. வரும் மருந்து நல்லதா என்று வாசலில் நின்று பார்ப்பது யார்? இந்த வாரம் அந்தக் காவற்காரரின் கதை.

சென்ற வாரம் பேராசிரியர் சேனக பிபிலேயைப் பார்த்தோம். எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் சேர்ந்து 1971 இல் அவர் தந்த அறிக்கையின் வழியே, தனியார் சந்தையில் 2,100 அளவில் இருந்த மருந்துகள் 600 அளவுக்குக் குறைந்தன. 1977 இல் கயானாவில் அவர் இறந்தார். அவருடைய மருந்துக் கொள்கையைச் சட்டமாகக் காண நாடு 2015 வரை காத்திருந்தது. அந்த ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம்தான் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையை உருவாக்கியது.

அந்த அதிகாரசபைதான் நமது காவற்காரர். அதன் முதல் வேலை பதிவு. ஒரு மருந்து நாட்டுக்குள் வர, எந்தத் தொழிற்சாலை செய்தது, எப்படிச் சோதித்தது, எத்தனை மாதம் கெடாமல் இருக்கும் என்பதையெல்லாம் ஆவணங்களோடு காட்ட வேண்டும். மாதிரிகள் ஆய்வுகூடத்துக்குப் போகும். அதுதான் பிரதான வாசல். உயிர் காக்கவும் தொற்றுநோயைத் தடுக்கவும், பதிவில்லாத மருந்தைக் குறித்த அளவில் அனுமதிக்கலாம் என்று அதே சட்டத்தின் 109 ஆம் பிரிவு சொல்கிறது. அது அவசரக் கதவு.

அவசரகால ஏற்பாடு எதற்கு என்பதைக் கொவிட் காட்டியது. 2021 ஜனவரி 22 ஆம் திகதி கொவிஷீல்ட் தடுப்பூசிக்கு அவசர அனுமதி கிடைத்தது. 28 ஆம் திகதி இந்தியாவின் அன்பளிப்பாக ஐந்து இலட்சம் ஊசிகள் வந்திறங்கின. மறுநாளே ஊசி போடத் தொடங்கினார்கள். ஒரு வாரத்துக்குள் நடந்த வேலை. அந்த வேகம் பல உயிர்களைக் காத்தது.

அதே ஆண்டு ஜூலையில் ஒரு பேரிடி. மருந்துகள் பற்றி அதிகாரசபை சேமித்து வைத்திருந்த கணினித் தரவுகள் அழிந்துபோயின. குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரணையில் இறங்கியது. காவற்காரரின் ஞாபகமே பறிபோனதற்கு ஒப்பான இழப்பு அது.

அது ஆறுமுன்னே பொருளாதார நெருக்கடி. 2022 ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென அரசு அறிவித்தது. டொலர் இல்லை, மருந்தும் இல்லை. அதற்குச் சில நாட்களுக்கு முன்பே பேராதனைப் போதனா வைத்தியசாலையில் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகள் நிறுத்தப்பட்டிருந்தன. கிடைத்ததை வாங்கு என்ற நிலையில் அவசரக் கதவு அகலத் திறந்தது.

2023 இல் விலை கொடுத்தோம். நுவரெலியாவில் கண் சத்திரசிகிச்சைக்குப் பின் சொட்டு மருந்து விட்டவர்களின் பார்வை பாதிக்கப்பட்டது. அவசரக் கொள்வனவாக வந்த இமியூனோகுளோபுலின் ஊசிமருந்து போலி ஆவணங்களோடு வழங்கப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. அந்த வழக்கில், முன்பு சுகாதார அமைச்சராக இருந்த கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரி 2 ஆம் திகதி கைது செய்யப்பட்டார். தீர்ப்பு நீதிமன்றத்தின் கையில். பாடம் நம் கையில்.

மீள்வதென்றால் மூன்று வேலைகள் உண்டு. பதிவேடுகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பிரதிகளை வெவ்வேறு இடங்களில் வைக்க வேண்டும். ஆய்வுகூடத்துக்கு ஆளும் கருவியும் போதிய அளவு வேண்டும். அவசர அனுமதி ஒவ்வொன்றுக்கும் முடிவுத் திகதி குறித்து, அந்தப் பட்டியலை மக்கள் பார்க்க வெளியிட வேண்டும்.

இது ஆகாத காரியமல்ல. மருந்து ஒழுங்குபடுத்தும் அமைப்புகளின் திறனை உலக சுகாதார நிறுவனம் நான்கு படிகளாக அளக்கிறது. மூன்றாம் படி, நிலையாக இயங்கும் அமைப்புக்கு உரியது. தன்சானியா 2018 இலும் கானா 2020 இலும் அதில் ஏறின. இரண்டும் வருமானத்தில் நம்மைவிடக் குறைந்த நாடுகள்.

வாசகர்களுக்கும் பங்குண்டு. டொக்டர் எழுதும் துண்டில் மருந்தின் பொதுப்பெயர் இருக்க வேண்டும் என்பது சட்டம், இல்லாவிட்டால் கேளுங்கள். பாமசியில் குளிசை வாங்கும்போது பெட்டியைத் திருப்பி, காலாவதித் திகதியைப் பாருங்கள். மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் வீட்டோடு பேசி விட்டுவிடாமல், கொடுத்த வைத்தியரிடம் போய்ச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால்தான் வாசலில் நிற்பவருக்குத் தெரியவரும்.

(தொடரும்)