அணைத்தது யார்?

2019 ஆகஸ்ட் 9, வெள்ளிக்கிழமை, மாலை 4.52. லண்டனுக்கு வடக்கே ஈட்டன் சோக்கனுக்கும் வைமண்ட்லிக்கும் இடையே ஓடும் உயரழுத்த மின்பாதையில் மின்னல் இறங்கியது. மின்துறைக்காரர்களுக்கு இது புதிதல்ல. பாதுகாப்புக் கருவிகள் பத்தில் ஒரு விநாடிக்குள் பழுதை விலக்கின. சுமார் 20 விநாடியில் பாதை பழையபடி வேலைக்கு வந்தது. விஷயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் கணநேரக் குலுக்கலில் வட கடலில் இருந்த ஹார்ன்சீ காற்றாலைப் பண்ணை 737 மெகாவாட்டை உதறியது. லிட்டில் பார்ஃபோர்ட் எரிவாயு மின்நிலையத்தில் முதலில் ஒரு டர்பைன் நின்றது, சற்று நேரத்தில் மற்றவையும் நின்றன. 50 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டிய அலைவெண் 48.8 வரை சரிந்தது. முழு நாடும் இருளாமல் காக்க, தானியங்கி ரிலேக்கள் சுமார் 11 லட்சம் இணைப்புகளைத் துண்டித்தன.

முக்கால் மணி நேரத்துக்குள் வீடுகளுக்கெல்லாம் கரன்ட் திரும்பிவிட்டது. ரயில்களுக்குத்தான் திரும்பவில்லை. உண்மையில் ரயில்களுக்குக் கரன்ட் போகவே இல்லை. தலைக்கு மேல் கம்பியில் அது இருந்துகொண்டேதான் இருந்தது. அலைவெண் 49க்குக் கீழே இறங்கியதும், சீமென்ஸ் தயாரித்த சுமார் 60 புது ரயில்களுக்குள் இருந்த கட்டுப்பாட்டுக் கணினிகள் ‘இது நமக்கு ஆபத்து’ என்று முடிவெடுத்துத் தாமாகவே நின்றுகொண்டன. ஏறக்குறைய பாதி ரயில்களை ஓட்டுநர்களே மீண்டும் கிளப்பினார்கள். மற்றவை, மடிக்கணினியுடன் ஒரு தொழில்நுட்பர் வந்து பூட்டைத் திறக்கும்வரை அசையவில்லை. கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் கூட்டம் நெரிந்தது; பலர் மணிக்கணக்கில் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தார்கள்.

லண்டனின் ஹாரோவிலோ ஈஸ்ட் ஹாமிலோ ஒரு வீட்டின் சின்ன அறையில் திடீர் திடீரென்று அணைந்துபோகும் மேசைக் கணினியைப் புரிந்துகொள்ள இந்த ரயில்கள் நல்ல வழிகாட்டி. ‘கம்ப்யூட்டர் செத்துப்போச்சு’ என்று நாம் சொல்கிறோம். அதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி, அணைத்தது யார் என்பது. சுவரிலிருந்து வரும் மின்சாரமா, கணினிக்குள் இருக்கும் மின்வழங்கியா, சூடேறிய பிராசசரா? இவை ஒவ்வொன்றுக்கும் அணைக்கும் அதிகாரம் உண்டு. பெரும்பாலும் அது பழுதல்ல, பழுதைக் கண்டு பயந்த ஏதோ ஒன்றின் தற்காப்பு.

எஸ்எம்பிஎஸ் என்று கடைக்காரர்கள் சொல்லும் மின்வழங்கியிலிருந்து, அந்த இரும்புப் பெட்டியிலிருந்து தொடங்கலாம். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தை அது முதலில் நேர்மின்சாரமாக்கி, 380 வோல்ட் அளவுக்கு உயர்த்தி, ஒரு பெரிய மின்தேக்கியில் நிரப்பி வைக்கிறது. பிறகு அதை விநாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி, சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வழியாக 12, 5, 3.3 வோல்ட்டாக இறக்குகிறது. அந்த மின்தேக்கி, நம் ஊர் மொட்டைமாடித் தொட்டி மாதிரி: தெருக்குழாய் நின்றாலும் தொட்டியில் இருக்கும்வரை வீட்டுக்குள் தண்ணீர் வரும். ஆனால் இந்தத் தொட்டி மிகச் சிறியது. முழுச் சுமையில் சுமார் 16 மில்லிவிநாடி தாங்கினால் போதும் என்பதுதான் நெடுநாள் தரநிர்ணயம். லண்டன் மின்சாரத்தின் ஓர் அலைக்கு 20 மில்லிவிநாடி. அதாவது முழு வேகத்தில் ஓடும் கணினி, ஓர் அலை முழுதாகத் தவறினாலே அணைந்துவிடலாம்.

இதுவும் புதுப் பெட்டிக்கான கணக்கு. மின்தேக்கிக்குள் இருக்கும் திரவம் வருடங்கள் போகப்போக வற்றுகிறது. பத்து டிகிரி வெப்பம் கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது மின்னணுக்காரர்களின் பழைய கணக்கு. வற்றிய மின்தேக்கி 16 மில்லிவிநாடியைத் தாங்காது. தெருவில் ஒரு சிறு குலுக்கல். விளக்கு சிமிட்டியதா என்றே சந்தேகம். டிவி ஓடுகிறது, ஃபிரிட்ஜ் ஓடுகிறது. கணினி மட்டும் இருண்டுவிட்டது. ‘வீட்டில் கரன்ட் இருந்தது, அதனால் கரன்ட் காரணமில்லை’ என்ற வாதம் இங்கேதான் உடைகிறது.

மின்வழங்கியிலிருந்து தாய்ப்பலகைக்கு ஒரு சாம்பல் நிறக் கம்பி போகும். ‘என் வெளியீடு சரியாக இருக்கிறது’ என்பதற்கு அது தரும் 5 வோல்ட் உறுதிமொழிதான் அந்தக் கம்பியின் ஒரே வேலை. அந்த உறுதி விலகியதும் தாய்ப்பலகை பிராசசரை நிறுத்திவிடும். 12 வோல்ட் கம்பியில் அனுமதிக்கப்படும் எல்லை 11.4 முதல் 12.6 வரை. இதற்கு வெளியே ஓடவிட்டால் எழுதப்படும் கோப்புகள் நாசமாகும். அதைவிட அணைவது மேல்.

இதனால்தான், கணினி அணைந்ததும் விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவும் ஆட்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. மென்பொருள் செயலிழந்தால் பிழைத் திரை வரும், அல்லது உறைந்து நிற்கும். விசிறி, விளக்கு, திரை எல்லாம் ஒரே கணத்தில் இருண்டால் அங்கே மென்பொருளைக் குற்றம் சொல்ல அநேகமாக ஒன்றுமில்லை. ‘ஈவென்ட் வியூவர்’ பதிவேட்டில் ‘கெர்னல்-பவர் 41’ என்று சிவப்பாக ஒரு வரி இருக்கும். அதைப் பார்த்து மின்வழங்கி போய்விட்டது என்று முடிவுகட்டுபவர்கள் நிறைய. அந்த வரி சொல்வது, போன தடவை நான் முறையாக அணைக்கப்படவில்லை என்பதை மட்டுமே. பிளக்கை நீங்களே பிடுங்கினாலும் அதே வரிதான் பதிவாகும். அதில் பயனுள்ளது நேரம் ஒன்றுதான். நாலைந்து தடவை அணைந்த நேரங்களைக் குறித்துவைத்து, அப்போது வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று யோசித்தால் பாதி வேலை முடிந்தது.

கெட்டில் போட்ட நேரமா? இங்கே பிரிட்டனின் தனிக்குணம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சென்னை வீடுகளில் நாம் பயன்படுத்தும் உருண்டை முனை மூன்று பின் பிளக், பிரிட்டனின் பழைய தரத்திலிருந்து வந்தது. போருக்குப் பின் வீடுகளைத் திரும்பக் கட்டியபோது பிரிட்டன் அதைக் கைவிட்டு, 1947இல் தட்டை முனை 13 ஆம்ப் பிளக்குக்கு மாறியது. கூடவே வயரிங்கும் மாறியது. ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் தனித்தனிக் கம்பி இழுக்காமல், ஒரே கம்பி எல்லாச் சாக்கெட்டுகளையும் வளையமாகச் சுற்றி ஃப்யூஸ் பெட்டிக்கே திரும்புகிறது. அந்த வளையத்துக்கு இன்றைய காவல் 32 ஆம்ப். மேசை விளக்கின் மெல்லிய கம்பி எரிந்துபோனால்கூட 32 ஆம்ப் காவலாளிக்குத் தெரியாது. ஆகவே பிளக்குக்குள்ளேயே ஒரு ஃப்யூஸ் வைத்தார்கள். ஊரிலிருந்து பெட்டியில் வரும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் மலிவான அடாப்டரையும் சேர்த்துச் செருகும்போது அந்த ஏற்பாட்டையே நாம் தாண்டிப் போகிறோம். தளர்ந்த அடாப்டரில் தீப்பொறி பறக்கும், பின் பழுப்பேறும், தொடர்பு விட்டுவிட்டு வரும். கணினி அணைவதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். சரிசெய்யச் செலவு குறைந்ததும் இதுதான்.

கணக்கைப் பாருங்கள். விளையாட்டுக்கான பெரிய கணினிகூட 600 வாட் இழுத்தால் 2.6 ஆம்ப்தான். 3 கிலோவாட் கெட்டில் தனியாகவே 13 ஆம்பை எட்டும். குளிருக்கு மேசையடியில் வைக்கும் 2 கிலோவாட் ஹீட்டருக்கு 9 ஆம்ப் வேண்டும். இவை இரண்டையும் கணினியோடு ஒரே எக்ஸ்டென்ஷனில் போட்டால் பிளக் ஃப்யூஸ் உடனே போய்விடாது. கொஞ்ச நேரம் பொறுக்கும். அதுவரை கம்பியும் தொடர்பு முனைகளும் சூடாகும், அந்த முனையில் மின்னழுத்தம் விழும். கணினியை நேராகச் சுவர்ச் சாக்கெட்டில் செருகி ஒரு வாரம் ஓட்டிப் பார்ப்பதுதான் முதல் சோதனை.

கணினியோடு வீட்டின் ஒரு பகுதியே இருண்டால் கதை வேறு. ஆர்சிடி என்ற கசிவுக் காவலன் 30 மில்லி ஆம்ப் அளவுக் கசிவில் விழுந்துவிடும். ஒவ்வொரு எஸ்எம்பிஎஸ்ஸும் இரைச்சல் வடிகட்டி வழியாகத் துளியளவு மின்சாரத்தை எர்த்துக்கு விடுவது இயல்புதான். பல கருவிகள் சேர்ந்து அந்தத் துளிகள் கூடியிருக்கும்போது, ஈரமேறிய ஒரு சலவை இயந்திரம் மிச்சத்தைச் செய்து முடிக்கும். பழி கணினிமேல் விழும். இதற்கு எலக்ட்ரீஷியன்தான் வேண்டும். வாடகை வீடென்றால் இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும்: இங்கிலாந்தில் தனியார் வீட்டுக்காரர் குறைந்தது ஐந்து ஆண்டுக்கொரு முறை வயரிங்கைச் சோதித்து, அறிக்கையின் பிரதியைக் குடியிருப்பவருக்குத் தர வேண்டும் என்பது 2020இல் வந்த சட்டம். கேட்க நம்மவர்கள் கூச்சப்படுகிறார்கள். தெருவே இருண்டிருந்தால் 105 என்ற எண்ணை அழைக்கலாம், கட்டணம் இல்லை.

ஸ்டெபிலைசர் வாங்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஊர்ப் பழக்கம். லண்டனில் குறைந்த மின்னழுத்தம் பொதுவாகப் பிரச்சினையே இல்லை. 1995இல் காகிதத்தில் 240 வோல்ட்டை 230 ஆக்கினார்கள். 216 முதல் 253 வரை சட்டப்படி சரி. வீட்டுக்கு வருவது பெரும்பாலும் இன்னும் 240ஐ ஒட்டித்தான். இன்றைய மின்வழங்கிகள் 100 முதல் 240 வரை எதிலும் ஓடக்கூடியவை. பணம் வீண்.

சுவர் குற்றமற்றது என்றால் விசாரணை பெட்டிக்குள் போகிறது. விளையாட்டோ வீடியோ வேலையோ தொடங்கிப் பத்து, பதினைந்து நிமிடம் கழித்து அணைகிறதா, உடனே மறுபடி போட்டால் இன்னும் சீக்கிரம் அணைகிறதா? அப்படியானால் சூடு. பிராசசர் 100 டிகிரியை நெருங்கும்போது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காமல் ஏறினால் யாரையும் கேட்காமல் மின்சாரத்தை வெட்டச் சொல்லும். தூசி அடைத்த விசிறி, காய்ந்துபோன வெப்பப் பசை, கம்பளத்தின்மேல் வைத்ததால் மூச்சடைத்த காற்றுத்துளை என்று காரணங்கள் சாதாரணமானவை.

சூடேற நேரமே இல்லாமல், விளையாட்டில் ஒரு பெரிய காட்சி திறந்த அதே கணத்தில் அணைந்தால் கிராஃபிக்ஸ் கார்டைப் பாருங்கள். சராசரியாக 320 வாட் இழுக்கும் கார்டு, மில்லிவிநாடிக்கும் குறைவான நேரத்துக்கு அதைப்போல் இரு மடங்கு கேட்கும். பழைய மின்வழங்கி அதை ஷார்ட் சர்க்யூட் என்று நினைத்து அணைந்துவிடும். வாட் கணக்கைக் கூட்டிப் பார்த்து ‘போதுமே’ என்று குழம்பியவர்கள் ஏராளம். இந்தத் தொல்லையால்தான் 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 தரநிர்ணயம், பெரிய மின்வழங்கிகள் 100 மைக்ரோவிநாடிக்குத் தம் அளவைப்போல் இரு மடங்கைத் தாங்க வேண்டும் என்றது. இப்படி மின்வழங்கியே அணைத்திருந்தால் அதற்கொரு அடையாளம் உண்டு: பவர் பொத்தானை எத்தனை தடவை அழுத்தினாலும் அசையாது. சுவர் ஸ்விட்சை அணைத்து, அரை நிமிடம் பொறுத்துப் போட்டால் ஒன்றும் நடக்காததுபோல் எழுந்து வரும். ஓட்டுநரால் கிளப்ப முடியாமல் நின்ற ரயில்களின் அதே பூட்டு.

ஜனவரி காலையில் மட்டும் முரண்டு பிடிக்கும் கணினிகளும் உண்டு. ஹீட்டிங்கை மிச்சம் பிடிக்கும் வீட்டில் அறை 10 டிகிரியில் கிடக்கும். வற்றிய மின்தேக்கிக்குக் குளிரில் உள்தடை கூடும். முதல் இரண்டு தடவை எழுந்து விழும், மூன்றாவது தடவை நிற்கும். மத்தியானம் எல்லாம் சரி. மின்வழங்கியை மாற்றும் காலம் வந்துவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது.

மல்டிமீட்டரை நான் பெரிதாக நம்புவதில்லை. அது சராசரியைக் காட்டும். குற்றம் நடப்பதோ மில்லிவிநாடியில். நன்றாக இருப்பது தெரிந்த வேறொரு மின்வழங்கியை இரவல் வாங்கிப் போட்டுப் பார்ப்பதே நேர்வழி.

யுபிஎஸ்? சென்னையில் மேசைக் கணினியோடு சேர்ந்தே வாங்குவோம், லண்டனில் அதை நினைப்பவர்களே குறைவு. படிப்போ தொழிலோ அந்தக் கணினியில் இருந்தால் ஒன்று இருப்பது நல்லது. ஆனால் அதையும் தெய்வமாக்க வேண்டாம். 2017 மே 27 அன்று பிரிட்டிஷ் ஏர்வேஸின் ஹீத்ரோ அருகிலுள்ள தரவு மையத்தில், யுபிஎஸ் இருந்தும், மின்சாரம் துண்டிக்கப்பட்டு, பிறகு கட்டுப்பாடில்லாமல் திரும்பத் தரப்பட்டது. போன கரன்ட்டைவிட அப்படித் திரும்பி வந்த கரன்ட்தான் கருவிகளைச் சேதப்படுத்தியது. சுமார் 75,000 பயணிகள் தவித்தார்கள். வீட்டுக்கும் அது பொருந்தும்: கரன்ட் போனதும் கணினியின் சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டு, வந்து சில நிமிடம் நிதானித்தபின் போடுவது நல்ல பழக்கம்.

கடைசியில் மின்வழங்கியைத்தான் மாற்ற வேண்டும் என்றானால், பழையதைத் திறந்து பார்க்கும் ஆசை வேண்டாம்; பிளக்கைப் பிடுங்கியபின்னும் அந்த 380 வோல்ட் உள்ளே தங்கியிருக்கலாம். புதியதைப் பொருத்தும்போது, ஏற்கெனவே அழகாகக் கட்டிவைத்த பழைய கம்பிகளை அப்படியே புதுப் பெட்டியில் செருகிவிடலாம் என்று தோன்றும். செருகவும் முடியும். ஆனால் கழற்றி மாட்டும் கம்பிகளில் மின்வழங்கிப் பக்க முனைக்குப் பொதுத் தரம் கிடையாது. நிறுவனத்துக்கு நிறுவனம், சில சமயம் ஒரே நிறுவனத்தின் மாடலுக்கு மாடல், பின் வரிசை மாறும். 5 வோல்ட் போகவேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனால், அதுவரை அத்தனை அணைப்பையும் தாங்கிய ஹார்டு டிஸ்க் அந்த முதல் விநாடியிலேயே போய்விடும்.